மெத்தியோனின் தயாரிக்க முடியாத பூஞ்சை இலையில் ஏன் தோற்கிறது? – விவாத இழை

#1 · குலைப்புள்ளி

நெல் குலைநோய்ப் பூஞ்சையில் மெத்தியோனின் சிந்தேஸ் மரபணுவை (மெட்6) நீக்கிய மியூட்டன்ட் பற்றிய கேள்வி. அமினோ அமிலம் எதுவும் சேர்க்காத மினிமல் மீடியத்தில் வளராது. 1 மில்லிமோலார் மெத்தியோனின் சேர்த்தால் தாய் ரகத்துக்கு (மரபணு நீக்காத மூல ரகம்) கிட்டத்தட்ட ஈடாக வளரும். ஆனால் இலையில் தெளித்தால் புள்ளியே வராது. "இலைக்குள் பூஞ்சைக்கு மெத்தியோனின் கிடைப்பதில்லை" என்று வழக்கமாக இதற்கு முடிவு எழுதிவிடுகிறார்கள். உயிருள்ள இலைச் செல்லில் மெத்தியோனின் இல்லாமலா இருக்கும்? இந்த முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம்? உறுதிசெய்ய என்னென்ன சோதனை வேண்டும்?

#2 · ஹைஃபா

இலையில் இருப்பதெல்லாம் பூஞ்சையின் கைக்கு எட்டாது. இலையிலுள்ள மெத்தியோனினில் பெரும்பகுதி புரதத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. தனி அமிலமாக இருக்கும் கொஞ்சமும் எஸ்-அடினோசில்மெத்தியோனினாக ஓடிக்கொண்டே இருக்கும். குளுட்டமின், குளுட்டமேட், அஸ்பார்ட்டேட், அலனின் போல அது தேங்கி நிற்பதில்லை. போதாக்குறைக்கு, குலைநோய்ப் பூஞ்சையின் இழை (ஹைஃபா) முதல் செல்லுக்குள் நுழைந்ததும் செடியின் சவ்வு அதைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறது. அந்தச் சவ்வைத் தாண்டி எது வருகிறதோ அதுதான் அதற்கு உணவு.

ஆனாலும் மெட்6 முடிவை ஒரே காரணத்தில் அடைக்க முடியாது. மூன்று காரணங்களைப் பிரித்தறிய வேண்டும்.

ஒன்று, உண்மையான பட்டினி. இரண்டு, மெதுவான வளர்ச்சி: மியூட்டன்ட் எங்கே வைத்தாலும் சற்றுத் தளர்வாக வளர்வதால், செடியின் தற்காப்பு முந்திக்கொள்கிறது. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: இடைப்பொருள் தேங்குவது. மெத்தியோனின் சிந்தேஸ் நின்றால் ஹோமோசிஸ்டீன் சேரும். மெத்தில் டெட்ராஹைட்ரோஃபோலேட்டும் திரும்ப வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். அப்போது நாம் பார்ப்பது மெத்தியோனின் குறையா, ஃபோலேட் கோளாறா என்று சொல்ல முடியாது.

மூன்றாவதைக் கழிக்க, பாதையில் மேலே உள்ள இன்னொரு படியையும் உடைத்து ஒப்பிடுங்கள். ஹோமோசெரின் அசிட்டைல்டிரான்ஸ்ஃபெரேஸ் நல்ல தேர்வு. சிஸ்டதயோனின் படிகளை எடுக்காதீர்கள். பல பூஞ்சைகளில் அதைச் சுற்றிப் போகும் நேர்வழி ஒன்று உண்டு, மியூட்டன்ட் பாதி வளர்ந்து குழப்பும். மீட்புத் தட்டிலும் (குறையும் சத்தைச் சேர்த்து வளர்ச்சி திரும்புகிறதா என்று பார்க்கும் தட்டு) ஹோமோசிஸ்டீனை ஒரு வரிசையாக வையுங்கள். மெட்6 மியூட்டன்ட் அதில் வளரக் கூடாது, மேல்படி மியூட்டன்ட் வளர வேண்டும்.

#3 · ஊடகச்சட்டி

ஹைஃபா சொன்னதெல்லாம் சரி, ஆனா மீடியம் சுத்தமா இல்லன்னா எந்தத் தட்டையும் நம்ப முடியாது.

குலைநோய்க்கான மினிமல் மீடியம், ஒரு லிட்டருக்கு: சோடியம் நைட்ரேட் 6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.52, மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 0.52, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.52, குளுக்கோஸ் 10, அகார் 15 கிராம், நுண்ணூட்டக் கரைசல் 1 மி.லி. பிஎச் 6.5. தயமினும் பயோட்டினும் கண்டிப்பா சேர்க்கணும். இந்தப் பூஞ்சைக்கு ரெண்டும் வெளியிலிருந்து வேணும். அதை விட்டுட்டு "தாய் ரகமே வளரலை"ன்னு கேக்குறவங்க நிறைய.

மெத்தியோனின் ஸ்டாக் 100 மில்லிமோலார்: 100 மி.லி.க்கு 1.49 கிராம். லிட்டருக்கு 10 மி.லி. விட்டா 1 மில்லிமோலார். லைசின், ஆர்ஜினின் ரெண்டுக்கும் ஹைட்ரோகுளோரைடு உப்பையே எடுங்க (1 மில்லிமோலாருக்கு 183 மி.கி., 211 மி.கி.). உப்பில்லாத வடிவம் பிஎச்சைத் தூக்கிடும். குளுட்டமினை ஆட்டோகிளேவ்ல வைக்கவே கூடாது, சூட்டுல பைரோகுளுட்டமேட்டா மாறிடும், 0.22 மைக்ரான் வடிகட்டிதான். சிஸ்டீன் காத்து பட்டா சிஸ்டினாகி அடியில படியும், அன்னன்னைக்கே கரைங்க. டைரோசின் தண்ணியில லிட்டருக்கு அரை கிராம்கூடக் கரையாது. அதுக்கு 100 மில்லிமோலார் ஸ்டாக் போட முயற்சி பண்ணாதீங்க.

வழக்கமா தப்பு நடக்குற மூணு இடம்:

உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார். கிழங்குச் சாறுலயே தனி அமினோ அமிலம் நிறைய இருக்கு. ஆக்ஸோட்ராஃப் (ஒரு சத்தைத் தானே செய்ய முடியாத மியூட்டன்ட்) அதுல தளதளன்னு வளரும்.

காசமினோ அமிலம். கேசீனை அமிலத்துல வேகவெச்சு எடுக்குறது, அதனால டிரிப்டோஃபேன் அழிஞ்சுபோயிருக்கும். குளுட்டமினும் அஸ்பராஜினும் குளுட்டமேட், அஸ்பார்ட்டேட்டா மாறியிருக்கும். டிரிப்டோஃபேன் மியூட்டன்ட் இதுல வளரலைன்னா வேற குறையைத் தேட வேண்டாம்.

முழு மீடியத்துல வளர்ந்த அகார் வில்லையை அப்படியே மினிமல் தட்டுல வைக்கிறது. வில்லையோட சத்தும் கூடவே வரும், முதல் தட்டுல 1 செ.மீ. வரை இழை ஓடும். ரெண்டு தடவை மினிமல்லயே மாத்துங்க, இல்ல கழுவின கொனிடியாவை (பூஞ்சையோட வித்துகளை) புள்ளி வைங்க.

#4 · குலைப்புள்ளி

நன்றி. கழுவுவதைப் பற்றி இன்னொரு கேள்வி. மியூட்டன்ட் கொனிடியாவை எடுக்கவே மெத்தியோனின் உள்ள தட்டு வேண்டுமே. அந்த இருப்பு கொனிடியாவுக்குள்ளேயே வந்துவிடாதா?

#5 · ஹைஃபா

வரும். அதனால்தான் பல ஆக்ஸோட்ராஃப்கள் அப்ரெசோரியம் (இலையைத் துளைக்கும் உறுப்பு) அமைத்து, துளைத்து, முதல் செல்லுக்குள் போய், அங்கே நின்றுவிடுகின்றன. "துளைக்கிறது, ஆனால் பரவவில்லை" என்ற காட்சி பெரும்பாலும் கைச்சேமிப்பு தீர்ந்த இடத்தைத்தான் காட்டுகிறது. கொனிடியாவின் சொந்தப் புரதத்தைத் தன்னழிவு மூலம் உடைத்தும் அமினோ அமிலம் கிடைக்கும்.

வித்து எடுக்கும் தட்டில் மெத்தியோனினைப் படிப்படியாகக் குறைத்து, வித்து பிடிக்கும் மிகக் குறைந்த அளவில் நிறுத்துங்கள். தாய் ரகத்தையும் அதே தட்டில் எடுங்கள். கொனிடியாவை நீரில் மூன்று முறை மையவிலக்கிக் கழுவி, மி.லி.க்கு 1 லட்சம் என்று சரிசெய்து பயன்படுத்துங்கள்.

இலையில் தெளிக்கும் துளியிலேயே மெத்தியோனினைக் கலப்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சத்து மிகுந்த துளியில் குலைநோய்ப் பூஞ்சை அப்ரெசோரியம் அமைப்பதைக் குறைத்து, மேலேயே இழை ஓட்டும். பெப்டோன், ஈஸ்ட் சாறு சேர்த்தால் இது பளிச்சென்று தெரியும். மீட்பு தோற்றதா, துளைப்பு தோற்றதா என்று பிறகு சொல்ல முடியாது. இலையுறைச் சோதனைதான் இதற்கு வழி: இலையுறையின் குழிவில் கொனிடியாவைச் செலுத்துங்கள், 24 மணி நேரத்தில் துளைப்பு முடிந்ததும் குழிவில் உள்ள நீரை எடுத்துவிட்டு 1 மில்லிமோலார் மெத்தியோனின் விடுங்கள், உள்தோலை உரித்து 36, 48 மணிகளில் எத்தனை செல் தாண்டியது என்று எண்ணுங்கள்.

லைசின் மியூட்டன்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. லைசினும் ஆர்ஜினினும் ஒரே கடத்தி வழியாகப் போட்டி போட்டுக்கொண்டு நுழைகின்றன. நியூரோஸ்போரா என்ற ஆய்வகப் பூஞ்சையில் இது பழைய பாடம்: ஆர்ஜினின் அதிகமுள்ள மீடியத்தில் லைசின் இருந்தும் லைசின் மியூட்டன்ட் தவிக்கும். அமோனியம் உள்ள மீடியமும் பொதுவான அமினோ அமிலக் கடத்திகளை அடக்கும். மீட்புச் சோதனையை நைட்ரேட் மீடியத்தில் வைப்பது பாதுகாப்பு.

#6 · தழைச்சத்து

எனக்கு ரொம்ப நாளா உறுத்துற முரண்பாடு ஒண்ணு. தழைச்சத்து அதிகம் போட்டா குலைநோய் அதிகம், இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். ஆனா ஆய்வகத்துல அமோனியமும் குளுட்டமினும் பூஞ்சையோட நோய்த்திறனை அடக்குதுன்னு சொல்றாங்க. பட்டினிதான் நோய் மரபணுவைத் தூண்டுதுன்னா, கொழுத்த பயிர்ல நோய் குறையணுமே?

#7 · ஹைஃபா

முரண்பாடு போலத் தெரிவதற்குக் காரணம், வெவ்வேறு பூஞ்சைகளின் வெவ்வேறு கட்டங்களை ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதுதான்.

அடக்குதல் பற்றிய வலுவான சான்று வாடல் நோய் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரத்தில் 2010-இல் வந்தது. அகார் மேல் செலோபேன் தாள் விரித்துப் பூஞ்சையை வளர்த்து, பிறகு தாளை உரித்து, கீழே துளைத்துப் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நைட்ரேட்டில் துளைக்கிறது, அமோனியத்தில் துளைப்பதில்லை. குளுட்டமின் சிந்தடேஸை மெத்தியோனின் சல்ஃபாக்சிமினால் தடுத்தால் அமோனியத்திலும் துளைக்கிறது. செல்லின் ஊட்டநிலையை உணரும் டார் கைனேஸை ராப்பமைசினால் தடுத்தாலும், நைட்ரஜன் ஒழுங்கில் பங்குள்ள மியாபி மரபணுவை நீக்கினாலும் அதே விளைவு. ஆக, பூஞ்சை உள்ளே உணர்வது அமோனியத்தை அல்ல, அதிலிருந்து உருவாகும் குளுட்டமினை. ஆனால் இதெல்லாம் வேருக்குள் நுழைவதற்கு முந்தைய கட்டம்.

குலைநோயில் நுழைவுக்கான தூண்டுதல் இலையின் வழுவழுப்பான, நீர் ஒட்டாத மேற்பரப்பிலிருந்து வருகிறது. இலைக்கு வெளியே பூஞ்சை பட்டினியாகத்தான் கிடக்கிறது, செடிக்கு எவ்வளவு உரம் போட்டாலும். உரத்தால் மாறுவது உள்ளே நுழைந்த பிறகான சாப்பாடு. தழைச்சத்து கூடிய இலையில் குளுட்டமின் ஏறுகிறது, ஊடுருவிய இழை வேகமாகப் பரவுகிறது. செடியின் செல் சுவரும் தற்காப்பும் மெலிவது தனிக் கணக்கு.

"செடிக்குள் பூஞ்சை பட்டினி கிடக்கிறது" என்ற பழைய பொதுவிதியே ஆட்டம் கண்டுவிட்டது. தக்காளி இலைப்பூஞ்சை கிளாடோஸ்போரியம் ஃபல்வத்தின் ஏவிஆர்9 மரபணு நைட்ரஜன் பட்டினியில் கிளம்புவதுதான் அந்த விதிக்கு அடிப்படை. ஆனால் தக்காளி இலையின் செல்லிடை நீரை எடுத்து அளந்தபோது, தொற்றின்போது அமினோ அமிலங்கள் கூடுவதும், காமா அமினோ பியூட்டிரிக் அமிலம் மில்லிமோலார் அளவுக்கு ஏறுவதும் தெரிந்தது. குலைநோயில் நைட்ரஜன் ஒழுங்குபடுத்தி நட்1-ஐ நீக்கினாலும் நோய்த்திறன் அழிந்துவிடுவதில்லை.

#8 · ஊடகச்சட்டி

செலோபேன் சோதனை செய்றவங்களுக்கு: அமோனியத்தை உறிஞ்சினா மீடியம் அமிலமாகும், நைட்ரேட்டை உறிஞ்சினா காரமாகும். பஃபர் போடாம ரெண்டையும் ஒப்பிட்டா நீங்க அளக்குறது நைட்ரஜனையா பிஎச்சையான்னு தெரியாது. எம்இஎஸ் பஃபர் 100 மில்லிமோலார், பிஎச் 6.0. முடிவுல தட்டோட பிஎச்சையும் அளந்து எழுதுங்க.

#9 · தெளிப்பான்

மருந்துப் பக்கம் வருவோம். அமினோ அமில உருவாக்கத்தைத் தொடும் பூஞ்சைக்கொல்லி என்றால் அனிலினோபிரிமிடின்கள்தான்: சைப்ரோடினில், பைரிமெத்தனில், மெப்பானிபைரிம். எஃப்ஆர்ஏசி (பூஞ்சைக்கொல்லிகளைச் செயல்முறைப்படி வகைப்படுத்தும் அமைப்பு) பட்டியலில் குழு 9. சாம்பல்பூசணமான போட்ரைட்டிஸுக்கு முக்கியமாகப் பயன்படுகின்றன. மீடியத்தில் மெத்தியோனின் சேர்த்தால் மருந்தின் நச்சு குறைகிறது. அதனால் 1990-களில் சிஸ்டதயோனின் பீட்டா லையேஸ்தான் இலக்கு என்று முன்வைத்தார்கள். 2003-இல் அந்த நொதியை நேரடியாகச் சோதித்தபோது, மருந்தின் வேகத்தை விளக்கும் அளவுக்கு அது தடுபடவில்லை. 2017-இல் எதிர்ப்புத்திறன் பெற்ற போட்ரைட்டிஸ் ரகங்களின் மரபணுக்களைத் தேடியபோது, மாற்றங்கள் மைட்டோகாண்ட்ரியா தொடர்பான மரபணுக்களில் கிடந்தன. மெத்தியோனின் குறைவது விளைவாக இருக்கலாம், இலக்காக இருக்க வேண்டியதில்லை. ஒரு பொருளைச் சேர்த்தால் நச்சு தணிகிறது என்பதை வைத்து இலக்கை அறிவித்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நடைமுறையில் இதன் பொருள்: எதிர்ப்புத்திறன் சோதனையை உருளைக்கிழங்கு அகாரிலோ ஈஸ்ட் சாறு உள்ள மீடியத்திலோ வைத்தால், மருந்துக்கு மடங்கும் ரகம்கூட எதிர்ப்பு ரகம் போல வளரும். லிட்டருக்கு குளுக்கோஸ் 10 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.5, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2, அமோனியம் சல்பேட் 1, மெக்னீசியம் சல்பேட் 0.5, அகார் 12.5 கிராம், ஈஸ்ட் சாறு இல்லாமல். அளவிட வேண்டியது முளைக்குழலின் நீளம். முளைத்ததா இல்லையா என்று மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள், இந்த மருந்துகள் முளைப்பைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

வயலில் சைப்ரோடினிலுக்கு அடுத்து பைரிமெத்தனில் அடிப்பதை மருந்துச் சுழற்சி என்று எண்ண வேண்டாம். இரண்டும் ஒரே குழு. ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் மற்றதுக்கும் வரும்.

#10 · தழைச்சத்து

அப்போ லைசின் பாதை? செடி டைஅமினோபிமெலேட் வழியா லைசின் செய்யுது, பூஞ்சை ஆல்ஃபா அமினோஅடிப்பேட் வழியா. மனுஷன் லைசினே செய்றதில்லை. இதைவிட நல்ல இலக்கு எங்க கிடைக்கும்? இன்னும் ஏன் ஒரு மருந்தும் வரலை?

#11 · தெளிப்பான்

தாளில் அழகான இலக்குதான். குலைநோயில் லைசின் பாதையின் லைஸ்2, லைஸ்20 மரபணுக்களை நீக்கினால் நோய்த்திறன் விழுகிறது. ஆனால் மரபணு நீக்கம் என்பது நூறு சதவீதத் தடை, அதுவும் எல்லாச் செல்லிலும், எப்போதும். மருந்து அப்படி வேலை செய்யாது. நொதியின் செயல் பெருமளவு தடுபட்டாலும் மிச்சத்தில் பூஞ்சை மெதுவாக ஓட்டிவிடும். அமினோ அமிலம் குறைகிறது என்று தெரிந்ததும் ஜிசிஎன்4 வகை ஒழுங்குபடுத்தி பல பாதைகளின் நொதிகளை ஒருசேர ஏற்றிவிடும். செடியிலிருந்து கொஞ்சம் லைசின் வந்தாலும் தடை தளரும். வாடல் நோய் வெர்ட்டிசில்லியம் மாதிரி சைலத்துக்குள் வாழ்பவை வேறு கதை: அந்த நீர் அமினோ அமிலத்தில் ஏழை. அங்கே நறுமண அமினோ அமிலப் பாதையின் கோரிஸ்மேட் சிந்தேஸை முழுதாக நீக்காமல், அடக்கி வைத்தாலே நோய்த்திறன் குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

கிளைச்சங்கிலி அமினோ அமிலப் பாதையில் சல்ஃபோனைல்யூரியா களைக்கொல்லிகள் பூஞ்சையின் நொதியையும் தடுக்கும். சிக்கல், அதே நொதி பயிரிலும் இருக்கிறது. கிளைஃபோசேட் தாங்கும் கோதுமையில் கிளைஃபோசேட் தெளித்தபோது துரு நோய் குறைந்ததற்கும் இதே தர்க்கம்தான், அங்கே நறுமண அமினோ அமிலங்கள். இதை நோய்க் கட்டுப்பாட்டு முறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செடிக்கும் பூஞ்சைக்கும் உள்ள வேறுபாட்டைப் பயன்படுத்தி உண்மையில் செடியிலேயே வேலை செய்துகாட்டியது ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ். பூஞ்சை புட்ரெசின் என்ற பாலிஅமினைச் செய்யப் பெரும்பாலும் அந்த ஒரு வழிதான். செடிக்கு ஆர்ஜினின் வழியும் உண்டு. டைஃபுளூரோமெத்தில்ஆர்னிதின் தெளித்து அவரை இனப் பயிரில் துரு நோயைத் தடுத்தது 1985-இல் வெளியானது. கோதுமையின் ஸ்டாகனோஸ்போரா நோடோரத்தில் இந்த மரபணுவை நீக்கினாலும் நோய்த்திறன் குறைகிறது.

#12 · கதிர்க்கருகல்

பாலிஅமின் என்றதும் கோதுமைக் கதிர்க்கருகல் பூஞ்சை ஃபியூசேரியம் கிராமினியேரத்தைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே ஆர்ஜினின் குடும்பம் பூஞ்சைக்கு ஒரு சமிக்ஞையும்கூட. அக்மட்டின், புட்ரெசின், ஆர்னிதின், ஆர்ஜினின் ஆகியவை டிஆர்ஐ5 மரபணுவைக் கிளப்பி டீஆக்சிநிவலெனால் நச்சைக் கொட்ட வைக்கின்றன. தொற்றிய கோதுமைக் கதிரில் செடியே பாலிஅமின்களை ஏற்றிக்கொள்கிறது. தன் தற்காப்பாலேயே நச்சுக்கு வழி திறக்கிறது.

திரவ மீடியத்தில் அக்மட்டினை ஒரே நைட்ரஜன் மூலமாக 5 மில்லிமோலார் வையுங்கள்: அக்மட்டின் சல்பேட்டாக லிட்டருக்கு 1.14 கிராம், அல்லது புட்ரெசின் டைஹைட்ரோகுளோரைடாக 0.81 கிராம். சர்க்கரை 30 கிராம் சுக்ரோஸ். இருட்டில் 28 டிகிரி, ஆட்டாமல். நச்சு வரவில்லை என்றால் முதலில் பிஎச்சைப் பாருங்கள். டிஆர்ஐ மரபணுக்கள் அமிலச் சூழலில்தான் எழும். நைட்ரேட் கொஞ்சம் கலந்திருந்தாலும் பிஎச் ஏறி எல்லாம் அடங்கிவிடும். ஊடகச்சட்டி #8-இல் சொன்னதற்கு நேர் எதிர்: இங்கே வலுவான பஃபரைப் பிஎச் 6-இல் போட்டால் நச்சையே காண மாட்டீர்கள்.

#13 · ஊடகச்சட்டி

ஒத்துக்குறேன். பிஎச் கதையில பழத்தை அழுக வைக்கிற கொலிட்டோட்ரைக்கமும் சேரும். பழத்துல சர்க்கரை குறைவா இருந்தா அது அமினோ அமிலத்தைக் கார்பனுக்காக உடைச்சு அமோனியாவை வெளியேத்தும். பிஎச் 5.7-ஐத் தாண்டினா பெக்டேட் லையேஸ் பி வெளிவரும், திசு கரையும். சர்க்கரை தாராளமா இருந்தா குளுக்கோனிக் அமிலம் விட்டு பிஎச்சை இறக்கும். அதனால ஒரே ரகம் 2 சதவீத குளுக்கோஸ் மீடியத்துல ஒரு மாதிரியும் குளுக்கோஸ் இல்லாத மீடியத்துல வேற மாதிரியும் நடந்தா ரகம் கலந்துபோச்சுன்னு பதற வேண்டாம்.

#14 · துருப்பொட்டு

இதுவரை பேசியதெல்லாம் தட்டில் வளரும் பூஞ்சைகள். துரு, சாம்பல் நோய்ப் பூஞ்சைகளின் மரபணுத்தொகுதியில் நைட்ரேட்டை அமோனியமாக ஒடுக்கும் நொதிகளே இல்லை. அமினோ அமிலம்தான் நைட்ரஜன் வரும் முக்கிய வழி. அவரைத் துருவின் உறிஞ்சுறுப்பில் ஏஏடி1, ஏஏடி2, ஏஏடி3 என்ற கடத்திகள் உள்ளன. ஏஏடி3-க்கு லியூசினும் கந்தகமுள்ள மெத்தியோனின், சிஸ்டீனும் பிடிக்கும். குலைநோய் தானே செய்துகொள்ள வேண்டிய மெத்தியோனினைத் துரு வாங்கிக்கொள்ளப் பார்க்கிறது.

இங்கே செடிப் பக்கத்து மரபணுவைத் தொடுவது அதிகப் பலன் தரலாம். ஹோமோசெரின் கைனேஸ் பழுதான அராபிடாப்சிஸ் ஹோமோசெரினைக் குவிக்கிறது, அடிச்சாம்பல் நோயை எதிர்க்கிறது. (அடிச்சாம்பல் கிருமி உண்மைப் பூஞ்சை அல்ல, ஊமைசீட்.) தக்காளியில் அதே மரபணுவை அடக்கினால் சாம்பல் நோய்க்கும் எதிர்ப்பு வருகிறது. விலை: செடியின் வளர்ச்சி குன்றலாம்.

#15 · தழைச்சத்து

அமினோ அமில இலைத்தெளிப்பு? அது பூஞ்சைக்கு விருந்து வைக்கிற மாதிரி ஆகாதா?

#16 · தெளிப்பான்

கலவையைப் பொறுத்தது. புரதச்சிதைவுத் தெளிப்பில் எல்லா அமிலமும் இருக்கும், போட்ரைட்டிஸ் போல முளைக்கும்போது சத்து தேடும் பூஞ்சைக்கு அது உதவக்கூடும். இலை நெடுநேரம் ஈரமாக இருக்கும் நாளில், மாலையில் அடிக்காதீர்கள். சேதம் பார்க்க வேண்டுமானால் தெளித்த இலையிலும் வெறும் நீர் தெளித்த இலையிலும் முளைக்குழல் நீளத்தை அளந்து பாருங்கள்.

பீட்டா அமினோ பியூட்டிரிக் அமிலம் இதோடு சேராது. அது உணவல்ல. செடியின் அஸ்பார்ட்டைல் டிஆர்என்ஏ சிந்தடேஸில் ஒட்டி எதிர்ப்பைத் தயார்நிலையில் வைக்கிறது. அதன் இரு ஆடிப்பிம்ப வடிவங்களில் ஆர் வடிவம் மட்டுமே வேலை செய்யும். அளவு கூடினால் பயிர் குட்டையாகும்.

#17 · குலைப்புள்ளி

அப்படியென்றால் என் சோதனை: தாய் ரகம், மெட்6, மேல்படி மியூட்டன்ட், மரபணு திருப்பிச் சேர்த்த ரகம், குறைந்த மெத்தியோனின் தட்டில் வித்து, மூன்று கழுவல், இலையுறையில் 24 மணிக்குப் பிறகு நீர், மெத்தியோனின், ஹோமோசிஸ்டீன். வேறு ஏதாவது?

#18 · ஊடகச்சட்டி

அலனின் 1 மில்லிமோலார் ஒரு வரிசை சேருங்க. மெத்தியோனின்ல மட்டும் செல் தாண்டி, அலனின்ல தாண்டலைன்னாத்தான் அது மெத்தியோனின் மீட்பு. அலனின்லயும் பாதி மீண்டா பொதுவா நைட்ரஜன் கொடுத்ததோட பலன் அது. தாய் ரகத்துக்கும் அதே நாலு திரவத்தையும் விடுங்க, மெத்தியோனின் செடியையே பாதிச்சா அங்கதான் தெரியும்.